பன்னிரண்டு வருஷம் தவறாத கை

மடத்தின் குரு மங்கையர்க்கரசி அம்மைக்கு வயது நாற்பது. சீடர் வைத்தியலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. தபால் ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலும் லீவு போடாத மனிதர். மடத்துக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒரு காலைகூடத் தவறாமல், பூஜை முடிந்ததும் வருகிறவர்கள் நெற்றியில் தன் கட்டைவிரலால் திருநீறு பூசிவந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

மார்கழியில் அவருக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் கண்டது.

“குரல் கம்மியிருக்கே. உடம்புக்கு என்ன?” என்று அம்மை கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா. பனி.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பேரிலேயே வைத்தியத்தை வைத்திருந்தவருக்கு, வந்தும் தெரியவில்லை. மூக்கைத் துடைத்த கையாலேயே எல்லோருக்கும் பூசினார்.

நாலாம் நாள் கூட்டம் பாதியானது. சமையல்கட்டில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். நந்தவனத்தில் பூப்பறிக்கும் செண்பகம், மூச்சு முட்டிய தன் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்தச் சின்ன நெற்றியிலும் அவர் பூசியிருந்தார்.

வைத்தியலிங்கத்துக்கு அன்றே புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்களே. மறுநாளும் தட்டை எடுத்தார். யார் கண்ணையும் பார்க்காமல் பூசினார்.

ஐந்தாறு நாள் கழித்துச் செண்பகம் குழந்தையோடு திரும்பினாள். பிள்ளை பிழைத்துவிட்டது. நேரே அவரிடம்தான் வந்தாள்.

“உங்க கையால பூசிவிடுங்க சாமி. நீங்க பூசின திருநீறுதான் பிள்ளையக் காப்பாத்துச்சு.”

அவர் கூனிக் குறுகிப் போனார். நெஞ்சில் இருமல் முட்டியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு நாலடி பின்னால் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“வேண்டாம்மா. எனக்குத்தான் முதல்ல காய்ச்சல் வந்துது. தெரிஞ்சப்புறமும் நிறுத்தாமப் பூசினேன்.”

செண்பகம் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

வாசலில் நின்ற அம்மை எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வைத்தியலிங்கம் நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டார்.

“இதுக்கு என்ன பரிகாரம்மா? ஒரு மண்டலம் பட்டினி கிடக்கட்டுமா? அங்கப்பிரதட்சணம் பண்ணட்டுமா?”

“கஞ்சி வெச்சுத் தரேன். குடிச்சிட்டுத் தோட்டத்து அறையில கதவைச் சாத்திட்டுப் படுங்க. உடம்பு நல்லா தேறினப்புறம் வெளிய வந்தாப் போதும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அதுதான் அவரால் முடியாததாக இருந்தது.

“பன்னிரண்டு வருஷம் தவறாத கை அம்மா,” என்றார்.

அம்மை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். புதுத் திருநீற்றைக் காகிதத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்தார். வாசலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் பொட்டலங்களை அடுக்கினார்.

வைத்தியலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத்தனை நாள் நான் கொடுத்ததை நாளைக்கு யாரும்மா கொடுப்பாங்க?”

“யாரும் கொடுக்க வேண்டாம்,” என்றார் அம்மை. “நாளைக்கு அவங்களுக்குத் திருநீறு மட்டும் கிடைக்கட்டும்.”