பின்னலக்காவின் முறை

அந்தக் காலத்தில் நீலமலைச் சோலையில் விலங்குகள் நன்றாகப் பேசின. ஆனால் ஒன்றின் உடம்பிலும் மயிர் கிடையாது. பனி இறங்கினால் எல்லாம் சேர்ந்து நடுங்கும். அந்த நடுக்கத்தைப் போக்கியவள் ஒருத்திதான். இன்று முள்ளம்பன்றி என்கிறோமே, அவள். அப்போது அவளுக்கு முள்ளும் கிடையாது, பன்றி என்ற பேரும் கிடையாது. மூங்கில் சிம்புகளைக் கூராகச் சீவி, வளையாமலிருக்கத் தணலில் அங்கங்கே வாட்டி, கறுப்பும் வெளுப்புமாக ஊசிகள் செய்து வைத்திருந்தாள். இலவம் பஞ்சைத் திரித்து, இலைச்சாற்றில் சாயமேற்றி, ஒவ்வொருவருக்கும் சட்டை பின்னினாள். எல்லோரும் அவளைப் பின்னலக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மலையணிலுக்கு மூன்று நிறத்தில் ஒன்று. புள்ளிமானுக்குப் பின்னும்போது வெள்ளை நூல் குறைந்துபோனதால் புள்ளிக்கு மட்டும் வெள்ளை. மந்திக்குக் கறுப்பு, வரையாட்டுக்குப் பழுப்பு. "உன் கை வேற யாருக்கு வரும்க்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் இரண்டு வரிசை கூடப் பின்னிக் கொடுப்பாள்.

சோலையில் ஒரு வழக்கம் இருந்தது. பின்னுகிறவளின் முறை எல்லோருக்கும் கடைசியில். யார் போட்ட வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. அவளும் கேட்டதில்லை. மிச்ச நூல்முனைகளை முடிச்சுப்போட்டுச் சேர்த்த ஒரு பழைய போர்வையை முதுகில் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அந்த வருடம் மார்கழியில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. மறுநாள் காலை புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி. குட்டியின் தோல் நீலம் பாரித்துப் போயிருந்தது. போர்வையை அதன்மேல் போட்டுவிட்டு, வெற்றுடம்போடு நேரே வரையாட்டுக் கிடாவிடம் போனாள். சோலையில் முறை சொல்லும் பெரியவர் அவர்தான்.

"எனக்கு ரெண்டு நாள் வேணுங்க. குட்டிக்கு ஒரு சட்டை முடிச்சிடறேன்."

கிடா நல்லவர்தான். அதுதான் சங்கடமே. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு மரக்கிளையைக் காட்டினார். பாதி பின்னிய துணிகள் அங்கே ஊசியோடு தொங்கின. மந்திக்கு, இருக்கும் கறுப்புச் சட்டை போதாதென்று, சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை. யானைக்கு, வால் நுனியிலிருந்து தொடங்கிய ஒரு பெரிய சட்டை. கிடாவுக்கே, பழுப்புச் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ள வெளிர் நிறத்தில் ஒரு மேலங்கி.

"இதெல்லாம் முடியட்டும்மா. உன் முறை எங்கே ஓடிடப்போகுது?"

யானைச் சட்டை முடியவே சித்திரை ஆகிவிடும் என்றாள் அவள். பக்கத்திலிருந்த மந்தி, தானும் தன் முறைக்கு ஒரு வருடம் காத்துக் கிடந்தவள்தான் என்று நினைவூட்டினாள்.

"காத்திருந்தே, வந்துச்சு," என்றாள் பின்னலக்கா. "எனக்குக் கடைசின்னு வழக்கம் சொல்லுது, சரி. கடைசின்னா அது ஒருநாள் வரணுமா வேண்டாமா? ஒருத்தருக்கு முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேர் வந்து நிக்கிறீங்க. வராத நாளுக்குக் கடைசின்னு பேர் வச்சது யாரு?"

யானை தும்பிக்கையால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றது. நல்ல கேள்விதான் என்று கிடா ஒப்புக்கொண்டார். பனி போனதும் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்றார்.

அவள் திரும்பி வந்து குட்டியின் சட்டையைத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் ஒரு கையும் பாதி மார்பும் முடிந்தன. அப்போது கிடா வந்தார். முகத்தில் கோபமே இல்லை. இது பொது நூல், வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, நூல் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தார். கண்ணி கண்ணியாக அவிழ்ந்தது. மார்பு போனது. பிறகு அந்தச் சின்னக் கை. நூலைப் பந்தாக உருட்டி, கிளையில் தொங்கிய தன் மேலங்கிக்கு அடியில் வைத்தார். பத்திரமாகத்தான் வைத்தார்.

பின்னலக்கா கத்தவில்லை. இத்தனை வருடம் தான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததைத்தான் நினைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கிளைக்குப் போய், தொங்கிய ஒவ்வொரு துணியிலிருந்தும் ஊசியை உருவினாள். ஒன்று, இரண்டு என்று இல்லை, அத்தனையையும்.

துணிகள் பொலபொலவென்று அவிழ்ந்தன. மந்தி பாய்ந்து பிடித்தும் முகத்தைச் சுற்றிக் கட்ட ஒரு துண்டும் வாலுக்கு ஒரு குஞ்சமும்தான் கிடைத்தன. கிடாவின் மேலங்கியில் முதுகளவு ஒரு திட்டு மிஞ்சியது. யானைக்கு வால் நுனியில் நாலு இழை, இன்று மயிர் என்கிறோமே, அதுதான்.

உருவிய ஊசிகளையும் செய்து வைத்திருந்த மற்ற ஊசிகளையும் பழைய போர்வையில் நெருக்கமாகக் குத்தினாள். அதை முதுகில் போட்டுக்கொண்டு, குட்டியை வயிற்றுக்கடியில் இழுத்து அணைத்தாள். ஊசிக் கூரையைத் தாண்டிக் காற்று உள்ளே வரவில்லை. குட்டியின் நடுக்கம் மெல்ல அடங்கியது.

கிடா கிட்டே வந்தார். "நீ சொன்னதும் நியாயம்தாம்மா. என் மேலங்கியை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டு..."

அவள் திரும்பி நின்று உடம்பைச் சிலிர்த்தாள். ஊசிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. தினமும் அவர் அசைபோட்டபடி கேட்டு ரசித்த அதே ஊசிச் சத்தம். இப்போது அதைக் கேட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"இது என் முறை," என்றாள்.

அன்று முதல்தான் யாராவது நெருங்கினால் முள்ளம்பன்றி முதுகைத் திருப்பி முட்களைக் கலகலக்க வைக்கிறது. அது மிரட்டுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம், அதுவோ தன் முறை வந்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.