வேனுக்குப் புது பிரேக்

யோகாம்பாள் அம்மாவின் மடத்துக்கு நாலு சக்கரம். எந்தக் காலத்திலோ ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் சேலத்தில் விட்டுவிட்டுப் போன பழைய வேன் அது. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி எல்லாம் உண்டு. கூரையைத் தூக்கி நிறுத்தினால் நிமிர்ந்து நின்று சேலை கட்டலாம். ஊருக்கு ஊர் போவார். வந்து கேட்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்வார். அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை.

சீடர் தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. சேலத்தில் பேர்பெற்ற ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அந்த வேன் கிளட்ச் மாற்ற அவரிடம் வந்தது. மாற்றி முடித்த கையோடு அவரும் அதில் ஏறி வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. ஏற்காட்டில் தங்கியிருந்தபோது மறுபடியும் வாய்விட்டுக் கேட்டார்.

“எனக்கு எப்பம்மா காவி தருவீங்க?”

“எல்லாத்தையும் விட்டதும் தர்றேன்.”

“விட்டாச்சே! வீட்டை விட்டாச்சு, ஒர்க்‌ஷாப்பை விட்டாச்சு, பெத்த பையனையும் விட்டாச்சு. இனி விடறதுக்கு என்ன இருக்கு?”

அம்மா வேன் பக்கம் கையைக் காட்டினார்.

“இந்த வாரம் மலை இறங்கணும். வேன்ல பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. அதைப் பாருங்க ஐயா. கீழ போய்ச் சேந்ததும் பதில் சொல்றேன்.”

தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பரீட்சை என்று வைத்ததும் வைத்தார், தனக்குத் தலைகீழாகத் தெரிந்த பாடத்திலேயே வைத்திருக்கிறாரே என்று நினைத்தார். காவி கைக்கு வந்த மாதிரிதான்.

சும்மா பழுது பார்த்து ஒப்பேற்றுகிற ஆள் இல்லை அவர்.

“இந்த டிரம்மைக் கட்டிக்கிட்டு இனி அழ வேண்டாம்மா. முன்னாடி ரெண்டு பக்கமும் டிஸ்க் போட்டுடறேன். சக்கரம் மாட்டற ஹப்பையும் புதுசா மாத்திடறேன். அப்புறம் பாருங்க.”

“டிஸ்க்னா?”

“பழசு, ஒரு சட்டிக்குள்ள கட்டை விரிஞ்சு போய் உரசற மாதிரி. இது, சுத்தற தட்டை ரெண்டு பக்கமும் விரலால பிடிக்கற மாதிரி. பிடிச்சா அப்படியே நிக்கும்.”

சாமான்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. ஜாக்கியில் வேனைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, துருவேறிக் கிடந்த பழைய ஹப்பை உருவி எறிந்தார். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும்.

“பேரிங்குக்கு கிரீஸை உள்ளங்கையில வச்சுத் திணிக்கணும்மா. எம்பையன் விரலால தடவிட்டுப் போயிடுவான்.”

“சரி.”

“போல்ட்டை அளவா முறுக்கணும். தினகரன் முறுக்கினா ஒண்ணு லொடலொடன்னு கிடக்கும், இல்லாட்டி மரை போயிடும்.”

“ம்.”

“ஒர்க்‌ஷாப் போர்டுல அப்பன் பேரை அழிச்சுட்டுத் தன் பேரை எழுதின கைதானே! அதுக்கு இந்த நேக்கு எப்படிம்மா வரும்?”

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தினகரனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் எதையும் கேட்க வேண்டிய அவசியம் ஒருநாளும் வந்ததில்லை.

நடுவில் தணிகாசலத்தின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கிரீஸ் கையோடு அதைக் கவிழ்த்து வைத்தார்.

“யாரு?”

“அவன்தான். வாராவாரம் அடிப்பான். நான் எடுக்கறதில்லை. அதையெல்லாம் விட்டு எத்தனையோ காலமாச்சு.”

போன் அடித்து ஓய்கிற வரைக்கும் ஸ்பேனர் ஒரே போல்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசியில் பிரேக் குழாயில் அடைந்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இன்னொரு கால் வேண்டும். அம்மாவே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீடர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

“மிதிங்க... மிதிங்க... பிடிங்க... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க.”

“அடேங்கப்பா, நல்ல குருதான் கிடைச்சார் எனக்கு” என்றார் அம்மா. கீழே கிடந்த தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் மலை இறங்கினார்கள். தணிகாசலம்தான் ஓட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவில் லேசாகக் கால் வைத்தார். வேன், சொன்ன பேச்சு கேட்டு நின்றது. அடுத்த வளைவில் எதிரே ஒரு பஸ் முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டு வந்தது. பழைய பிரேக்காக இருந்தால் இந்நேரம் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பார். இப்போது மடியில் வைத்திருந்த ஆரஞ்சை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

“எப்படிம்மா?”

“பிரமாதம்.”

ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். தணிகாசலத்துக்கு மீசை துடித்தது.

பாதி தூரம் இறங்கியதும் கருகுகிற வாடை வந்தது.

“என்ன ஐயா, ஏதோ தீயுது?”

“புது பிரேக் கட்டைம்மா. பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.”

அடிவாரத்துக்கு வந்து சமதரை தொட்டதும் வேன் மந்தமானது. ஆக்சிலேட்டரை அமுக்கினாலும் சோம்பல் பிடித்த மாடு போல முனகிக்கொண்டே வந்தது. மலையிறங்கிய களைப்பு என்றார் தணிகாசலம். வண்டிக்குமா களைப்பு என்று அம்மா கேட்கவில்லை. ஒரு பழக்கடைக்குப் பக்கத்தில் ஓரங்கட்டச் சொன்னார்.

“எஞ்சினை நிறுத்துங்க. கியர்ல போடாதீங்க. பிரேக்ல இருந்து காலை எடுத்துடுங்க.”

“எடுத்துட்டேன்.”

அம்மா இறங்கிப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஸ்டார்ட் ஆகாத நாட்களில் அவர் தனியாளாகத் தள்ளி நகர்த்துகிற வேன்தான் அது. இன்று அசையவில்லை.

“ஐயா, கால்?”

“எடுத்துட்டேம்மா! ரெண்டு காலும் சும்மாத்தான் இருக்கு.”

அவரும் இறங்கி வந்து தள்ளினார். பழக்கடைக்காரரும் கை கொடுத்தார். வேன் ஒரு சாண் நகர்ந்து, மறுபடி நின்றுகொண்டது.

அம்மா முன்பக்கம் நடந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து புது ஹப்பின் மேல் ஒரு கை தெளித்தார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. அந்தப் பக்கச் சக்கரத்திலும் தெளித்தார். அங்கேயும் சுர்.

தணிகாசலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சக்கரத்தைப் பார்த்தார், மிதிக்கட்டை இருந்த பக்கம் பார்த்தார். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டார்.

“தப்புப் பண்ணிட்டேன்மா.”

“என்னாச்சு?”

“மிதிச்சா எண்ணெய் போய்ப் பிடிக்கும், விட்டா திரும்பி வரணும். இதுல முழுசாத் திரும்பி வரலை. மேல எண்ணெயைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் பழைய டிரம்முக்குன்னு செஞ்சது. எப்பவும் கொஞ்சம் அழுத்தத்தை விடாம வச்சுக்கும். டிரம்முல ஸ்பிரிங் இருந்துச்சு, கட்டையை இழுத்துக்கும். டிஸ்க்குல அது கிடையாது. கீழ எல்லாத்தையும் மாத்தினேன், மாஸ்டரை மாத்தாம விட்டுட்டேன்.”

“குருவை மாத்தணும்ங்கறீங்க.”

“ஐயோ, சிலிண்டரைச் சொன்னேம்மா!”

அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார், ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

“அப்போ, மலை இறங்கினது பூரா பிடிச்சுக்கிட்டேதான் வந்திருக்கு?”

“ஆமாம்மா. நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பேரிங்கே வெந்திருக்கும்.”

இருவரும் வேனின் நிழலில் உட்கார்ந்தார்கள். சக்கரம் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். பழக்கடைக்காரர் ஆளுக்கொரு கொய்யாவை அறுத்து உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தணிகாசலம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாரே தவிர தின்னவில்லை. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பிரேக் கோளாறு என்பது வேறு, காவி வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தைரியம் வந்தது.

“கீழ வந்ததும் பதில் சொல்றேன்னீங்களேம்மா.”

“சொல்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க. அந்த சிலிண்டர் சேலத்துல எங்க கிடைக்கும்?”

தணிகாசலம் கொய்யாவைக் கை மாற்றிக்கொண்டார்.

“உங்க ஒர்க்‌ஷாப்புல இருக்காதா?”

“இருக்கும். பரண்மேல நான் வாங்கி வச்சதே இருக்கும்.”

“அப்போ தினகரனை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்களேன். பக்கம்தானே.”

“அவன் கையாலயா?”

குரல் எழும்பிய வேகத்தில் பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். தணிகாசலத்தின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கொய்யா நசுங்கிப் போயிருந்தது.

“அவன் தொட்ட சாமான் எனக்கு எதுக்கு? என் பேரை அழிச்சவன் அவன்! வண்டி இங்கயே கிடந்து துருப்பிடிக்கட்டும், அவன்கிட்டப் போய் நிக்க மாட்டேன்!”

மலைப் பாதையில் இருந்து ஒரு பஸ் இறங்கி அவர்களைத் தாண்டிப் போனது. தணிகாசலம் மூச்சை இழுத்து விட்டார். முகத்தைத் துண்டால் துடைத்தார். நசுங்கிய பழத்தை ஓரமாக வைத்தார். அவர் மறுபடி பேசியபோது குரல் தணிந்து, சாந்தமாக, ஒரு சந்நியாசியின் குரல் மாதிரியே இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை. அவனை நான் எப்பவோ விட்டுட்டேன்.”

அம்மா எட்டி, சக்கரத்தின் மேல் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தார்.

“காலைத்தான் எடுத்திருக்கீங்க, ஐயா.”