பதினொரு கிணறுகளும் ஒரு பக்கமும்

நீர் ஆய்வுத் திட்டத்தில் சுகிர்தா என்றொரு உதவியாளர் இருந்தாள். கரட்டுப்பட்டியின் பதினொரு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தவள் அவள்தான். அலுவலகத்தில் அவளோடு சேர்ந்து சாப்பிட மட்டும் யாரும் இல்லை.

ஊரில் முடிவுகளை வெளியிடும் விழாவுக்கு முதல் நாள் இயக்குநர் ஞானசிகாமணி கூப்பிட்டார். "முடிவுகளை இணையத்துல போடு. முதல்ல என் படம், என் பேச்சு வீடியோ. அது முடிஞ்சாதான் கிணத்து விவரம் வரணும்."

"சார், அந்த ஊர்ல சிக்னல் ஒரு கோடுதான்."

"அது உன் கவலை."

சுகிர்தா இரண்டு பக்கங்கள் செய்தாள். ஒன்று அவர் சொன்னபடியே. மற்றதில் வெறும் எழுத்து: எந்தக் கிணற்றில் குடிக்கலாம், எதில் கூடாது. அடியில் 'இயக்குநர் உரை' என்று ஓர் இணைப்பு. இந்த இரண்டாவது பக்கத்தை, சோதனையின்போது தண்ணீர் சேந்தக் கயிறு கொடுத்த கரட்டுப்பட்டி கெம்பம்மாவுக்கு அன்றே அனுப்பினாள்.

மறுநாள் கரட்டுப்பட்டி விழா மேடையில் இயக்குநர் தன் பக்கத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"எங்களுக்கெல்லாம் நேத்தே வந்திருச்சுங்களே!" என்றார் கெம்பம்மா. "பள்ளிக்கூடத்துக் கிணறு ஆகாதாம். காலையிலயே பூட்டிட்டோம்."

கெம்பம்மாவின் போனை வாங்கிப் பார்த்த இயக்குநர் சுகிர்தாவிடம் சீறினார். "என் பேச்சை ஏன் அடியில போட்டே?"

"நல்ல தண்ணி குடிச்சுட்டு நிதானமா கேப்பாங்கன்னுதான் சார்."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. ஊரே சிரித்தது.

மாலையில் விடுதியில் தனியாகச் சாப்பிடும்போது, மெஸ் அக்காவிடமிருந்து அதே பக்கம் வாட்ஸப்பில் வந்தது. 'எங்க அம்மா ஊரு. யாரோ புண்ணியவான் போட்டிருக்காரு. நாலு பேருக்கு அனுப்பும்மா.'

சுகிர்தா நாலு பேரைத் தேடினாள். கடைசியில் கெம்பம்மாவுக்கே திருப்பி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது: 'சாப்டியா கண்ணு?'