புதிய நிலைப்படி

குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் கதைகளில் அவர்களுக்குச் சோறு வடித்தவளைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இதில் அவள் இருக்கிறாள். பெயர் அஞ்சுகம், குருவின் தங்கை. இளம் வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள்.

வாசல் நிலைப்படியைக் கரையான் அரித்திருந்ததைக் கண்டு சொன்னவளும் அவள்தான். புதுப்படிக்குத் தன் கையால் மஞ்சள் பூச ஆசைப்பட்டு அண்ணனிடம் கேட்டாள். எல்லா உயிரும் ஒன்றே என்று நாள்தோறும் பாடம் சொல்பவர் அவர். கண்ணை மூடிப் புன்னகைத்தார். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நல்ல நேரத்தில் ஆசாரி புதுப்படியைப் பொருத்தினார். சுமங்கலிகள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். முதல் அடியை யார் எடுத்து வைப்பது என்ற பேச்சு வந்தபோதுதான் ஒருத்திக்கு உறைத்தது: அஞ்சுகம் உள்ளே, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. வெளியே அழைத்தால் படியை முதலில் தாண்டுபவள் அவளாகிவிடுவாள். உள்ளேயே விட்டால், நுழைகிறவர்களுக்கு எதிர்ப்படுவது அவள் முகம்.

"காலையிலேயே மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பியிருக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"அனுப்பியிருந்தா உனக்குப் பாயசம் யாரு வைப்பா?"

சிரித்தார்கள். பிறகு, சாமான் அறைக்குள் போய்த் தானே கதவைச் சாத்திக்கொள்ளும்படி வாசலில் நின்றபடியே அவளுக்குக் குரல் கொடுத்தார்கள்.

சீடன் பொன்னம்பலத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, எல்லா உயிரும் ஒன்று என்று நேற்றும் சொன்னீர்களே?"

"சொன்னேன்."

"அம்மையார் எந்தக் கணக்கில் வருகிறார்?"

குரு படியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"அது பாடம், பொன்னம்பலம். இது வாசல்."



அடுப்படி வரைக்கும் அந்தச் சொல் கேட்டது. அஞ்சுகம் சாமான் அறைக்குப் போகவில்லை. அடுப்பை அணைத்தாள். ஈரம் உலராத படியில் காலை ஊன்றி வெளியே வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். தடுக்க வேண்டுமானால் தொட வேண்டுமே.

"பாயசத்துக்கு வெல்லம் போடலை அண்ணே. யாரையாவது போடச் சொல்லுங்க."

அன்று வீட்டை விட்டுப் போனவள் நாகப்பட்டினத்தில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். முதுமையில் பார்வை போயிற்று. அங்கேயே இறந்தாள். சொல்லி அனுப்பியும் அண்ணன் வரவில்லை. விடுதிப் பெண்கள் தூக்கிச் சென்று எரித்தார்கள்.