பிற குறிப்புகள்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. சிரிக்க வேண்டாம், அப்படித்தான் அமைந்தது.

குருவின் பெயர் பூரணி. புத்தி பேதலித்துத் தெருவில் கண்டெடுக்கப்பட்டவர்களுக்காகத் திருநெல்வேலிக்கு வெளியே ஓர் இல்லம் நடத்தினார். முன்பு பள்ளியில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

சீடர் ஆவுடையப்பன். கணினி நிறுவனம் ஒன்றில் முப்பது வருஷம் தகவல்களை அடுக்கிவைத்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது இல்லங்களில் இருக்கும் ஆயிரத்து நூறு பேரின் விவரங்களை ஒரே இணையதளத்தில் சேர்த்தவர் அவர்தான். காணாமல் போனவரைத் தேடி வரும் குடும்பம் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுக்க அடுக்கக் குழப்பம்தான் கூடியது. வயது வாரியாக அடுக்கினார். பாதிப் பேருக்கு வயதே தெரியவில்லை. ஊர் வாரியாக அடுக்கினார். ஒருவர் தன் ஊர் சந்திரன் என்று எழுத வைத்திருந்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் அடையாளச் சொற்களாக டேக் போட்டார். டேக்குகள் ஆட்களைவிட அதிகமாயின. கடைசியில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஏஐ ஒன்றை இணைத்தார். அதைவிடப் புதிது வந்துவிட்டதாக மறுநாளே மருமகன் போன் செய்தான்.

"டீச்சர், எப்படி அடுக்கினா ஒருத்தரும் தொலையாம இருப்பாங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் மஞ்சள் பை. பெயர் பேச்சித்தாய், சங்கரன்கோவில் பக்கம். தம்பி முப்பிடாதி புத்தி பேதலித்து வீட்டைவிட்டுப் போய் ஐந்து வருஷம்.

"பதினோரு எடத்துல தேடிட்டேன் தாயி. இங்கயும் இல்லன்னா இனிமே தேட எனக்குத் தெம்பு இல்ல."

பையிலிருந்து படத்தை எடுத்தாள். கல்யாண வீட்டில் எடுத்தது. சுருட்டை முடி, முறுக்கிய மீசை. ஆவுடையப்பன் அதை ஏஐயிடம் கொடுத்தார். பொருந்தும் முகம் இல்லை என்றது.

கொஞ்சம் தாராளமாகப் பார்க்கச் சொன்னார். நாற்பத்து மூன்று பேரைக் காட்டியது. நாற்பத்து மூன்றும் மொட்டைத் தலை, வெள்ளைச் சட்டை. ஆளைக் கொண்டுவந்ததும் மழித்து, குளிப்பாட்டி, வெள்ளை உடுத்திய பிறகே படம் எடுப்பது எல்லா இல்லங்களிலும் வழக்கம். அழுக்கோடு படம் பிடித்தால் மரியாதை இல்லையாம். நல்ல மனசு செய்த கோளாறு.

பேச்சித்தாய் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினாள். "எல்லாரும் ஒண்ணு போல இருக்காகளே" என்று அழுதாள்.

ஆவுடையப்பன் மடிக்கணினியை டீச்சர் பக்கம் திருப்பினார். "எங்க தப்பு பண்ணினேன்னே புரியல, டீச்சர்."

"உங்க வீட்டம்மாவுக்குப் போன் போடுங்க. நீங்க தொலைஞ்சு போனா என்ன அடையாளம் சொல்லுவாங்கன்னு கேளுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

போட்டார். ஸ்பீக்கரில் மனைவியின் குரல் வந்தது. "என்ன கூத்து இது? நல்லாத்தான இருக்கீக?"

"சும்மா சொல்லு."

"காப்பியக் குடுத்தா ஒரு தடவ மோந்து பாப்பீக. செருப்பக் கழட்டினா வாசலப் பாக்கத் திருப்பி வைப்பீக. துட்டி கேக்க எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளு பேச மாட்டீக."

"உயரம், எடை எல்லாம்?"

"அத யாரு அளந்து பாத்தா?"

ஆவுடையப்பன் போனை வைத்துவிட்டுத் தன் படிவத்தைப் பார்த்தார். முப்பத்து நான்கு கட்டங்கள். மனைவி சொன்னதில் ஒன்றுக்கும் அதில் இடமில்லை.

டீச்சர் பேச்சித்தாயின் பக்கம் திரும்பினார். "உங்க தம்பி எப்படிம்மா?"

"ஆடு மேச்ச பய தாயி. பொழுது சாஞ்சா வாசல்ல நின்னுக்கிடுவான். உள்ள வாறவுகள எல்லாம் தோளத் தொட்டு எண்ணுவான். கணக்கு சரியா வந்தாத்தான் சோத்துல கை வைப்பான்."

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இத நான் வாசிச்சிருக்கேன் டீச்சர். யாரோ சமையல்காரங்க எழுதியிருந்தாங்க. பிற குறிப்புகள்ங்கிற கட்டத்துல."

"எந்த இல்லம்?"

"தெரியல." குரல் இறங்கியது. "முகத்தோட அதையும் சேத்துப் பாத்து ஏஐ குழம்புதுன்னு போன மாசம் அந்தக் கட்டத்தையே அழிச்சிட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. பத்தொன்பது இல்லங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், பேச்சித்தாய் சொன்னதை அப்படியே தன் குரலில் போட்டார். பிறகு மூவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் வேண்டாத சாமி இல்லை.

உடன்குடிப் பக்கத்து இல்லம் ஒன்றின் சமையல்காரம்மா வீடியோ காலில் கூப்பிட்டார்.

"இங்க ஒருத்தர் அப்படித்தான் டீச்சர். தெனமும் அறுபத்தொண்ணு வரைக்கும் எண்ணிட்டு ஒண்ணு கொறையுதும்பாரு. நான் கொல்லப்பக்கமா சுத்தி மறுபடியும் வாசலுக்கு வந்தாத்தான் சாப்பிடுவாரு."

வீடியோவில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. நாற்பத்து மூன்றில் ஒன்று. பேச்சித்தாய் தன் கையாலேயே தள்ளிவிட்ட முகம்.

"எலேய் முப்பிடாதி! அக்காடா!"

அந்த மனிதர் போனை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அதில் தெரிந்த அவளுடைய தோளைத் தொட்டார்.

"அறுபத்திரெண்டு" என்றார்.

பேச்சித்தாய் மஞ்சள் பையை அங்கேயே மறந்துவிட்டு உடன்குடி பஸ்ஸுக்கு ஓடினாள். ஆவுடையப்பன் பையோடு பின்னால் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஆயிரத்து நூறு பேரோட குறிப்பையும் அழிச்சிருக்கேன், டீச்சர். அந்தக் கட்டத்தத் திரும்பப் போட்டுடலாம். உள்ள என்ன இருந்துச்சுன்னு இனிமே யாருக்குத் தெரியும்? நான் எங்கயிருந்து ஆரம்பிக்க?"

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

டீச்சர் அவருடைய மடிக்கணினியை மூடி வைத்தார்.

"பொழுது சாயுது சார். வாசல்ல போய் நில்லுங்க. தோளத் தொட்டு எண்ணுங்க."