வந்தவர்கள் வெட்டிய ஏரி

முன்னொரு காலத்தில் மருதங்குடிச் சீமையைக் கண்டராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக அவன் காதில் யார் ஓதினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவனுக்கு வேதம்.

வடக்கே மழை பொய்த்ததால் பிழைக்க வந்த, மண்வெட்டும் கூட்டம் ஒன்று அவனுக்குப் பெரிய ஏரி வெட்டிக் கொடுத்தது. ஏரிக்குக் கீழே குடியிருக்கவும் உழவும் நிலம் தருவதாக ராஜா வாக்குக் கொடுத்திருந்தான். அந்த நிலத்தின்மேல் சபையில் இருந்த காளத்திநாதருக்கு ஒரு கண். மைத்துனனுக்கு வேண்டுமாம்!

"மகாராஜா, அவர்கள் பேசுவது வேறு பாஷை. எலியைச் சுட்டுத் தின்கிறார்கள். அந்நியர்களை மடியில் கட்டிக்கொள்வதா?" என்றார்.

"அதானே! நாளைக்கே கிளம்பச் சொல்லும்" என்றான் ராஜா.

மந்திரி மாறநம்பிக்குப் பகீரென்றது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. கூட்டத்தில் நிறைமாதக்காரிகள் இருந்தார்கள். எதிர்த்துப் பேசினாலோ ராஜா முறுக்கிக்கொள்வான்.

"எதை எடுத்துப் போகலாம், எதை விட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் நல்லது" என்றார் மெதுவாக.

காளத்திநாதர் துள்ளினார். "ஒரு துரும்பையும் எடுக்கக் கூடாது! வந்தபோது இந்த இடம் எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுப் போகட்டும்!"

"அதுவே ஆணை!" என்றான் ராஜா.

மாறநம்பி தாமே போய்க் கூட்டத் தலைவி ஓபுளம்மாவிடம் ஆணையைச் சொன்னார். அவள் கண் கலங்கியது.

"நாங்க வந்தப்ப இங்க என்ன சாமி இருந்துச்சு? வெறும் பொட்டல்!"

"அதைத்தானம்மா ராஜா கேட்கிறார்."

அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள் ஓபுளம்மா. பிறகு வாய்க்குள் சிரித்தபடி மண்வெட்டியை எடுத்தாள்.

மறுநாள் கூட்டமே கரையை வெட்டி ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சேதி கேட்டு ராஜா தலைப்பாகைகூட இல்லாமல் ஓடி வந்தான்.

"நிறுத்துங்கள்! யார் சொல்லி இந்த வேலை?"

"நீங்கதான் சாமி. வந்தப்ப இருந்த மாதிரியே விட்டுப் போகச் சொன்னீங்களாமே? மழைக்கு முன்ன மூடிடுறோம், கவலைப்படாதீங்க" என்றாள் ஓபுளம்மா.

ராஜா மந்திரியைப் பார்த்தான். "ஆணையில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை, மகாராஜா" என்றார் மாறநம்பி.

ராஜாவுக்கு முகம் சிவந்தது, பிறகு சிரிப்பு பீறிட்டது. "கொடுத்த வாக்கை நானே விழுங்கப் பார்த்தேன். ஏரியும் இருக்கட்டும், வெட்டியவர்களும் இருக்கட்டும். இன்றைக்கே அவர்கள் நிலத்துக்கு எல்லைக்கல் நடுங்கள்!" என்றவன், தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

"காளத்திநாதரே, சொன்ன வாய் உம்முடையது. உள்ளே விழுந்த மண்ணை நீரே சுமந்து கரையேற்றும்!"

பட்டு வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு காளத்திநாதர் கூடையைத் தூக்கத் திணறினார். ஓபுளம்மா பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அவர் தலையில் வைத்தாள்.

"இது இருக்கட்டும் சாமி. புதுசா வர்றவங்களுக்குக் கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும்."