எவ்வளவு டிலே வைக்கலாம்?

கீபோர்டில் டிலே என்று ஒரு பட்டன் உண்டு. ஒரு சுரத்தை ஒரு தரம் தட்டினால் போதும், நாலு தரம் திரும்பி வரும், வர வரத் தேய்ந்து. கோரஸ் என்று இன்னொன்று. ஒற்றைக் குரலை லேசாக அசைத்துவிட்டு, பத்துப் பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி ஆக்கிவிடும்.

ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிற இஞ்ஞாசிக்கு இந்த இரண்டு பட்டன் மேல் பித்து. வேலை முடிந்து ஹெட்போனை மாட்டிவிட்டால், ஒரு சுரத்தைத் தட்டுவார், அது போகிற வழியெல்லாம் பின்னாலேயே போய்விடுவார். சோறு ஆறுது, சோறு ஆறுது என்று மனைவி கத்துவதுகூட அந்தச் சுரத்தோடு கரைந்து இனிமையாகத்தான் கேட்கும்.

மாதா கோயிலில்தான் அது செல்லவில்லை. இரண்டு ஞாயிறாக அவர் வாசிப்புக்குச் சனங்கள் பாட்டைப் பிடிக்க முடியாமல் தடுமாறி, பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"வர்ற ஞாயிறும் இப்படின்னா கீபோர்டைப் பூட்டி வச்சிருவோம் ஓய்" என்று சொல்லிவிட்டார் பங்குச் சாமியார்.

ஆசைப்பட்டு ஐம்பத்தாறு வயதில் கிடைத்த கோயில் கீபோர்டு நாற்காலி. மனுஷன் சனிக்கிழமை மத்தியானம் தன் குருவைக் கோயிலுக்கே கூட்டி வந்துவிட்டார். குரு என்றால் தாடி கீடி ஒன்றும் இல்லை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற செலஸ்தீன். இருபத்தாறு வயசுப் பெண்.

"எவ்வளவு டிலே வைக்கலாம், டீச்சர்?"

"எப்பவும் வைக்கிற மாதிரி வச்சு வாசிங்க, அண்ணாச்சி."

வாசித்தார். ஆளில்லாத கோயில். சுரம் கூரைக்கு ஏறி, சுற்றி, மிதந்து இறங்கியது. வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்த நீலமும் மஞ்சளும்கூட அதோடு சேர்ந்து அசைகிற மாதிரி இருந்தது. இஞ்ஞாசிக்குக் கண் சொருகியது.

"எப்படி இருக்கு?"

"மோட்சம், டீச்சர்."

"அப்ப வாசிச்சுக்கிட்டே பாடுங்க."

முதல் வரி நன்றாகத்தான் போனது. இரண்டாம் வரி எடுக்கும்போது முதல் வரியின் வால் வந்து குறுக்கே நின்றது. அது போகட்டும் என்று காத்தார். அதற்குள் அடுத்தது வந்தது.

"எந்தச் சத்தத்தோட போறதுன்னே தெரியலியே!"

செலஸ்தீன் இரண்டு பட்டனையும் அணைத்தாள்.

"நாளைக்கு இப்படியே வாசிங்க."

"தாளிக்காத குழம்பு மாதிரி இருக்கே, டீச்சர்."

"தாளிக்க ஆள் வரும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. இஞ்ஞாசி தட்டிய முதல் சுரம் அத்தனை ஆட்களுக்கு நடுவில், மணலில் போட்ட கல்லாகப் பொத்தென்று விழுந்தது. நேற்றைவிட மொட்டை. பீடத்திலிருந்து சாமியார் திரும்பிப் பார்த்தார். இஞ்ஞாசியின் கை தானாகப் பட்டன் பக்கம் போனது.

அதற்குள் சனங்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

முன்வரிசைப் பெண்கள் சரியாகப் பிடித்தார்கள். நடுவில் இருந்தவர்கள் கொஞ்சம் பிந்தினார்கள். கடைசிப் பெஞ்சுக் கிழவர்கள், எல்லோரும் முடித்த வரியை அவசரமே இல்லாமல் அப்புறம் முடித்தார்கள். ஒருத்தர் சுதிக்கு மயிரிழை மேலே. பக்கத்தில் இருந்தவர் மயிரிழை கீழே. எல்லாம் கலந்து, காற்றில் படகுப் பாய் புடைக்கிற மாதிரி ஒரு பெருங்குரல் எழும்பி அசைந்தது.

இஞ்ஞாசி பட்டனைத் தொடவில்லை. கண்ணில் நீர் கட்ட, கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

பூசை முடிந்து போகிற போக்கில் சாமியார் சொன்னார்: "அடுத்த வாரமும் நீரே வாசியும், ஓய்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த செலஸ்தீனிடம் இஞ்ஞாசி ஓடினார்.

"அப்ப அந்த ரெண்டு பட்டனும் எதுக்குத்தான் இருக்கு, டீச்சர்?"

"அடைமழை நாள்ல, காலைப் பூசைக்கு மூணே மூணு பேர் வருவாங்கல்ல அண்ணாச்சி?"

"ஆமா."

"அன்னைக்குப் போடுங்க. அவங்களுக்குத் துணையா இருக்கும்."